சிவப்புப் பெருக்கல் குறி

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் கார்மின் ஜி1000 என்ற மின்னணுக் கருவித் தொகுதி வந்தபின், வட்ட முள் கருவிகள் பெரும்பாலும் போய் 10.4 அங்குலத் திரைகள் இரண்டு உட்கார்ந்துகொண்டன. எனக்கு அந்தத் திரைகளைவிட, அவற்றில் கோளாறு தேடும் மெக்கானிக்கின் நிதானம்தான் பிடிக்கும்.

ஒரு அளவீட்டின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் அவர் திரையைத் தொடமாட்டார். தகவல் அனுப்பும் பெட்டியையும் ஒயரையும் பார்ப்பார். திரையே இருண்டால்தான் சந்தேகம் அதன்மேல் போகும். சர்க்யூட் பிரேக்கர் சரி, மின்சாரமும் வருகிறது. அடுத்து? அறுகோணச் சாவியை நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் பிடிகள் விடுபட்டு, திரை முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். கனெக்டரைக் கழற்றி, பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்.

அப்புறம்தான் அழகு. இரண்டும் ஒரே மாடல் என்றால், இடது திரையை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டுவார். கோளாறு திரையோடு இடம் மாறினால் குற்றவாளி திரை. இருந்த இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் ஒயர். தனிச் சோதனைக் கருவி எதுவும் தேவையில்லை!

திரையைப் பிரித்து உள்ளே கைவைப்பது அவர் வேலையல்ல. அது அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குப் போகும். மாற்றுத் திரை வந்ததும் மென்பொருளையும் அந்த விமானத்துக்கான அமைப்புகளையும் ஏற்றி, இயக்கிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.