நூல் அறாத மெஷின்

காந்திக்கு மெஷின்களே ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பாதிதான் உண்மை. 1924-ல் டெல்லியில் ஜி.ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் (பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்) அவரை விடாமல் கேள்வி கேட்டார். அப்போது காந்தி ஒரு விதிவிலக்கு கொடுத்தார்: சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தாராம். அன்பில் பிறந்த இயந்திரம்! மகாதேவ தேசாய் இதை 'ஹிந்த் சுவராஜ்' முன்னுரையில் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த மெஷினைச் செய்யவே ஒரு ஃபாக்டரி வேண்டுமே என்று ராமச்சந்திரன் மடக்குகிற இடத்துக்காகவே படிக்கலாம்.

அன்பு விஷயம்தான் இடிக்கிறது. ஐசக் சிங்கர் ஒரு முன்னாள் நாடக நடிகர். பல பெண்கள், பல குடும்பங்கள், கணக்கில்லாத குழந்தைகள். பாஸ்டனில் ஒரு பட்டறையில், அடிக்கடி மக்கர் பண்ணுகிற வேறொரு கம்பெனி மெஷின்கள் பழுதுபார்க்க வந்து குவிவதைப் பார்த்தார். எங்கே தகராறு என்று யோசித்து மாற்றி அமைத்து, 1851-ல் பேடன்ட் வாங்கினார். அன்பில் இல்லை சார், ரிப்பேரில் பிறந்தது.

போகட்டும். என் புகார் வேறு. காந்தி தையல் மெஷினை வெளியே நின்று பார்த்தார். நம் சினிமாக்காரர்களும் அப்படியே. புருஷனை இழந்த அம்மா, மங்கலான விளக்கு, ஒரு தையல் மெஷின். நாலு மிதி மிதித்தால் பையன் கலெக்டர். அத்தனை படங்களில் ஒரு அம்மாவுக்காவது நூல் அறுந்து நீங்கள் பார்த்ததுண்டா?

வீட்டில் தைக்கிறவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஊசி கீழே போய் மேலே கிளம்பும்போது நூல் ஒரு குட்டி வளையமாக உப்பும். அந்தக் கணத்தில் ஷட்டிலின் முனை வந்து அதைக் கொத்திக்கொண்டு போக வேண்டும். ஊசி துளி வளைந்தாலோ, பக்கம் மாற்றி மாட்டினாலோ வளையம் தப்பிவிடும், தையல் விட்டு விட்டு விழும். துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத் திட்டுவார்கள். பாவம் பாபின். பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல்தான். துணியை அழுத்தும் காலைத் தூக்காமல் நூல் கோத்தால், டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் சரியாக உட்காராது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோர வீடுகளில் உப்புக்காற்று வேறு. நாலு வாரம் மூடி வைத்தால் போதும், துணியை நகர்த்தும் பல் துருவேற ஆரம்பிக்கும். மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று தேங்காய் எண்ணெய் விட்டீர்களோ, அது பிசினாகி சக்கரமே அசையாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தமிழகக் கடலோரத்தில் மாற்றுத் தொழில் என்ற பெயரில் மீனவப் பெண்களுக்குத் தையல் பயிற்சியும் மெஷினும் நிறையக் கொடுத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, விலை பேசி விற்கத் தெரிந்த பெண்மணியைக் கொண்டுவந்து ஏன் மெஷின் முன்னால் உட்கார வைக்க வேண்டும்? ஒரே குப்பத்தில் இருபது பேர் தைத்தால் யாருக்கு யார் ஜாக்கெட் தைப்பது? பெண் என்றால் தையல் என்று முடிவு பண்ணுவது, அந்த சினிமா அம்மாவைப் பார்த்துப் பழகிய கண்.

சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இலவச மெஷின் தருகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையாகவே தைத்துப் பிழைக்கிறவர்கள் உண்டு. மெஷின் மக்கர் பண்ணும் நாளை மட்டும் யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தைக்க எடுத்த துணி அப்படியே கிடக்கும். கூலி கிடையாது. பக்கத்தில் மெக்கானிக் இல்லாவிட்டால் மேல்பாகத்தை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி, அந்த வார்ப்பிரும்பை மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே மெக்கானிக் ஊசியைத் திருப்பி மாட்டி இரண்டு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டுவார். அந்த இரண்டு நிமிஷ வித்தையையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் மெஷினோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன? பயிற்சி வகுப்பில் காஜா எடுப்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும்.