மது பாதிப்பைக் குறைக்கும் ஊட்டச்சத்து மாத்திரைகள்: ஒரு விமர்சன நோக்கு

மது அருந்துவதால் கல்லீரல், மூளை, நரம்பு ஆகியவற்றுக்கு ஏற்படும் தீங்கைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் வைட்டமின் மாத்திரைகள், மூலிகைக் கூட்டுமருந்துகள், கஷாயங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. குடிப்பதற்கு முன் ஒன்று, குடித்த மறுநாள் ஒன்று என மாத்திரை போட்டுக்கொண்டால் உடம்பு தாங்கும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். இக்கட்டுரை அந்த எண்ணத்துக்குக் கிடைத்துள்ள சான்றுகளை மதிப்பிடுகிறது. குடிப்பவருக்கு உண்டான சத்துக்குறைவை ஈடுசெய்வதும், குடியின் தீங்கைத் தடுப்பதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதற்கு உறுதியான மருத்துவச் சான்று உண்டு. இரண்டாவதற்கு இல்லை. விற்பனையிலும் வாய்வழிச் செய்தியிலும் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

பின்புலம்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்தது. 365 படிகள் கொண்ட இம்மலையில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று படித்திருவிழா நடைபெறுகிறது. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளை அதிகாரிகளைக் காணச் செல்வதற்குப் பதிலாக முருகனை வணங்கி ஆண்டைத் தொடங்க வேண்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் இது.

அதே இரவுதான் தமிழ்நாட்டில் மது விற்பனை மிகுந்திருக்கும் இரவுகளில் ஒன்று. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. அவ்வாண்டின் விதிகளின்படி நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டரும், பிற பகுதிகளில் 100 மீட்டரும் தள்ளி மதுக்கடை இருக்க வேண்டும். கோயில் நகரமாக இருந்தாலும் விலக்கப்படும் தொலைவு அவ்வளவுதான். விரதமும் குடியும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இத்தகைய ஊர்களில் “உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் குடிப்பது எப்படி” என்ற கேள்வி எழுவது இயல்பே.

உடலில் நடப்பது

தமிழ்நாட்டில் விற்கப்படும் மதுவகைகள் பெரும்பாலும் 42.8 விழுக்காடு சாராயம் கொண்டவை. 180 மில்லி கொண்ட ஒரு ‘குவார்ட்டர்’ பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் சாராயம் இருக்கிறது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரையே எரிக்கும் என்பதால், ஒரு குவார்ட்டரைத் தீர்க்க 6 முதல் 9 மணி நேரம் ஆகும். முதலில் சாராயம் அசிட்டால்டிகைடு என்ற நச்சாகவும், பின்னர் அசிட்டேட்டாகவும் மாறுகிறது. செல்களுக்கு ஊறு செய்வதிலும் புற்றுநோயைத் தூண்டுவதிலும் அசிட்டால்டிகைடுக்குப் பெரும் பங்கு உண்டு. மதுவைப் புற்றுநோய்க் காரணி எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே வகைப்படுத்தியது.

மாத்திரை விற்பவர்களின் வாதம் இங்கிருந்தே தொடங்குகிறது. இவ்வேதிமாற்றத்தில் நயசின் என்ற வைட்டமினிலிருந்து உருவாகும் துணைப்பொருள் செலவாகிறது. நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் குறைகிறது. ஆகவே அவற்றை வெளியிலிருந்து கொடுத்தால் தீங்கு குறையும் என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், ஒரு பொருள் குறைகிறது என்பதற்காக அதை விழுங்கினால் கல்லீரல் காக்கப்படும் என்று ஆகிவிடாது. அதை நோயாளிகளிடம் சோதித்தே அறிய முடியும்.

உண்மையாக உதவும் சத்து: தயமின்

வைட்டமின் பி1 எனப்படும் தயமின், குடிநோய் மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமில்லாத இடத்தைப் பெற்றது. உடலில் இதன் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். மது, குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. குடிப்பவர் சோற்றைக் குறைப்பதால் வரவும் குறைகிறது. பற்றாக்குறை முற்றினால் கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கும் வெர்னிக்கே மூளைநோய் வரும். 1881-இல் விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு உடனே சிகிச்சை தராவிட்டால் நினைவாற்றல் நிலையாகக் கெடும்.

இச்சத்தின் அருமையைப் பழைய சென்னை மாகாணம் வேறு வழியில் அறிந்திருந்தது. தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் நிலவியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குவதே காரணம். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த அய்க்ராய்ட் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து எழுதினார். ஆஸ்திரேலியா 1991 முதல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கு குடியால் வரும் இம்மூளைநோய் குறைந்தது.

ஆனால் தயமின் காப்பது மூளையையும் நரம்பையும் இதயத்தையும். கல்லீரல் சுருக்கத்தையோ புற்றுநோயையோ அது தடுப்பதில்லை. மேலும் நெருக்கடியில் உள்ள நோயாளிக்கு மாத்திரை போதாது. ஊசிவழியாக அதிக அளவில் தர வேண்டும். குடித்துச் சோர்ந்தவருக்கு ‘ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்’ என்று குடும்பத்தினர் கேட்பது நம் ஊர்களில் வழக்கம். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் தேவை என்பதால், தயமின் வற்றியவருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைநோய் தீவிரமாகலாம். குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமின் தரப்பட வேண்டும் என்பதை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

லிவ்.52

இந்தியாவில் ‘கல்லீரல் மாத்திரை’ என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1955-இல் இமாலயா நிறுவனம் அறிமுகப்படுத்திய லிவ்.52. காசினி, மணத்தக்காளி, மருது முதலிய மூலிகைகளும் மண்டூர பஸ்மமும் இதில் அடங்கும்.

குடியால் கல்லீரல் கெட்டவர்களிடம் இம்மருந்தைச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று இலங்கையில் நடந்தது. களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட அவ்வாய்வில் 80 நோயாளிகள் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு லிவ்.52, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை எனப் பிரித்து 6 மாதங்கள் கண்காணித்ததில், நோய்நிலையிலும் இரத்தப் பரிசோதனையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதற்கு முன் 1997-இல் ஐரோப்பாவில் கல்லீரல் சுருக்கமுள்ள 188 பேரிடம் நடத்திய ஆய்வின் சுருக்கம் வெளிவந்தது. நோய் மிக முற்றியவர்களில் லிவ்.52 எடுத்த பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்ததாக அது தெரிவித்தது. முழுக் கட்டுரையாக அன்றிச் சுருக்கமாகவே வந்த முடிவு என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் ‘நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லை’ என்று சொல்லிவிடவும் அது இடம் தரவில்லை.

கீழாநெல்லி

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது தமிழகத்தின் தொன்றுதொட்ட வழக்கம். சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும் அவருடைய குழுவினரும் 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஹெப்படைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் அக்கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் இம்முடிவு மீண்டும் கிடைக்கவில்லை.

இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஆய்வு கிருமி பற்றியது, குடி பற்றியதன்று. காமாலை என்பது ஓர் அறிகுறி. கிருமியாலும் வரலாம், பித்தநாள அடைப்பாலும் வரலாம், குடியாலும் வரலாம். ஒரு காரணத்துக்குச் சோதிக்கப்பட்ட மூலிகையின் பெயரை மற்றொரு காரணத்துக்குக் கடன் வாங்குவது தருக்கப் பிழை. கிருமியால் வரும் காமாலையில் பல தாமாகவே தணிபவை என்பதால் மூலிகைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குடியால் வரும் கடும் கல்லீரல் அழற்சி அப்படித் தணிவதில்லை. மோரும் கீழாநெல்லியுமாகக் கழியும் வாரங்கள் சிகிச்சைக்கான வாரங்கள்.

மறுநாள் தலைவலிக்கான மாத்திரைகள்

ஹேங்ஓவர் எனப்படும் மறுநாள் தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவற்றுக்கான பொருள்கள் தனிச் சந்தையாக வளர்ந்துள்ளன. 2005-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, எந்தப் பொருளும் பயன்தரும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என முடிவு செய்தது. பின்னர் 21 சோதனைகளை ஆராய்ந்த மற்றொரு தொகுப்பாய்வும், கிடைத்த சான்றுகள் மிகத் தரம் குறைந்தவை என்றே கண்டது. 2020 சூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய பொருள்களை விற்ற 7 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் ஊட்டச்சத்துத் துணையுணவுகளின் உறையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அச்சிட வேண்டும் என 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

தலைவலி தணிந்தாலும் கல்லீரல் தப்பியதாகப் பொருளில்லை. மறுநாள் வேதனை ஒரு வகையில் எச்சரிக்கை. அதை மறைக்கும் மாத்திரை உண்மையிலேயே வேலை செய்தால், அடுத்த முறை கூடுதலாகக் குடிக்கத் துணிவு தருவதே அதன் விளைவாகலாம்.

சத்தே தீங்காகும் இடங்கள்

மது அருந்துவோருக்குச் சில சத்துகள் கேடு செய்யும். அதிக அளவு வைட்டமின் ஏ கல்லீரலைத் தாக்கும். மது அதன் நச்சுத்தன்மையைக் கூட்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது. கூடுதலாகக் குடித்தவர்களிடம் இவ்விளைவு மேலும் வலுவாக இருந்ததாகப் பின்னர் அறியப்பட்டது. மூலிகையும் விதிவிலக்கன்று. கொரோனா காலத்தில் சீந்தில் உண்டதால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அம்முடிவை மறுத்தது.

மருத்துவமனையும் மருந்துக்கடையும்

சத்துப்பொருள்கள் கல்லீரலுக்கு ஒருபோதும் உதவா என்று சொல்லவும் முடியாது. கடும் குடிக்கல்லீரல் அழற்சி கொண்ட 174 பேரிடம் பிரான்சில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு மருந்துடன் அசிட்டைல் சிஸ்டீனையும் நரம்புவழி ஏற்றியபோது ஒரு மாத இறப்பு 24 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. 6 மாதத்தில் அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. அது மருத்துவமனையில், குடியை நிறுத்திய நோயாளிக்கு, நரம்பில் ஏற்றிய மருந்து. அதே பெயரில் கடையில் கிடைக்கும் மாத்திரையைக் குடித்துக்கொண்டே விழுங்குவதற்கு அவ்வாய்வைச் சான்றாகக் காட்ட இயலாது.

விரதம் காட்டுவது

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கத் திருத்தணிக்கு வரும் பக்தர்களில் மாலை அணிந்து மதுவை விலக்குவோர் உண்டு. குடியால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு, குடியை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. எந்த மாத்திரையும் நிறுவிக் காட்டாத பலன் இது. மாலையைக் கழற்றியதும் மீண்டும் குடித்தால் கொழுப்பும் திரும்பும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கமும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதன்பின் பிதற்றலும் வரக்கூடும். இப்பிதற்றலைச் சாமி வந்ததாகவோ காற்றுக் கருப்பு அடித்ததாகவோ எண்ணிக் காத்திருப்பது உயிரைப் பறிக்கலாம். அத்தகையவர் மருத்துவர் துணையுடன் நிறுத்த வேண்டும். தயமின் மிகவும் பயன்படும் நேரமும் இதுவே.

மதிப்பீடு

குடிப்பவர்களிடம் சத்துக்குறைவு உண்மையானது. அதற்குச் சிகிச்சை தேவை. நல்ல உணவும் தயமினும் குடியை விடுபவருக்குத் துணைநிற்கும். விடாதவருக்கும் தயமினை மறுக்கக் கூடாது, அது மூளையைக் காக்கும். ஆனால் குடியைத் தொடர்ந்தபடியே கல்லீரலைக் காக்கும் மாத்திரையோ மூலிகையோ இதுவரை நிறுவப்படவில்லை. பாதுகாப்பான மது அளவு என ஒன்று இல்லை என உலகச் சுகாதார அமைப்பு 2023-இல் அறிவித்ததும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. இம்மாத்திரைகளின் பெரிய தீங்கு அவற்றில் உள்ள பொருளைவிட அவை தரும் தைரியத்தில் இருக்கிறது. ‘மாத்திரை போட்டுக்கொள்கிறார், ஒன்றும் ஆகாது’ என்று குடும்பம் நம்பியிருக்கும் ஆண்டுகளில்தான் கொழுப்புக் கல்லீரல் சுருங்கிய கல்லீரலாக மாறுகிறது. முதலாவதிலிருந்து மீள முடியும். இரண்டாவதிலிருந்து முழுமையாக மீள்வது அரிது.