கடதாசிப் பாவையும் கறுப்பினப் பெண்ணும்

சித்திரக்கதையுடன் பத்திரிகையில் அச்சாகி, சிறுமியர் கத்தரியால் வெட்டி உடைமாற்றி விளையாடும் கடதாசிப் பாவையை விமர்சகர் கலையெனக் கொள்வதில்லை. உடைமோகத்தை வளர்க்கும் வணிகத் தந்திரமென முற்போக்காளரும் அதனை ஒதுக்கிவிடுவர். இத்தீர்ப்பு எல்லாவிடத்தும் பொருந்துமா?

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜக்கி ஓம்ஸ் (1911–1985) படைத்த ரோர்ச்சி பிறவுணை நோக்குவோம். கறுப்பின மக்களின் வாரப்பத்திரிகையான பிற்ஸ்பேர்க் கூரியரில் 1950 முதல் 1954 வரை வெளியான அவள் கதை, நிறவெறியையும் ஊரை நஞ்சாக்கும் இரசாயனத் தொழிற்சாலையையும் எதிர்த்து நின்றது. அக்கதையோடு அவளது பாவையும் நாகரிக உடைகளும் வந்தன.

கறுப்பினப் பெண்ணைப் பருத்த பணிப்பெண்ணாகவே காட்டிச் சிரித்த வெகுசனச் சித்திரங்களின் காலம் அது. அந்நாளில், அழகும் துணிவும் மிக்க தன் நிறத்தவள் ஒருத்தியைச் சிறுமி தன் கையால் வெட்டியெடுப்பது வெறும் அலங்கார ஆசையன்று. மறுக்கப்பட்ட மானுட மதிப்பை உரிமை கோருவதாகும்.

ஆயினும், கத்தரி பாவையைக் கதையினின்று பிரித்துவிடுகிறது. உடை மட்டும் எஞ்சுமாயின் ரோர்ச்சியும் புடவைக்கடைப் பொம்மையே. ஆகவே வடிவத்தைத் தனியே வைத்து எடைபோடலாகாது. அது எப்பக்கத்திலிருந்து வெட்டப்பட்டது, யார் கைக்குச் சேர்ந்தது என்பவற்றையும் விமர்சனம் வினவவேண்டும்.