பாஸ் லினக்ஸும் வீட்டுக் கணினியும்

பாஸ் லினக்ஸ், சிடாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். இதற்கு வழிவகுத்த என்ஆர்சிஃபாஸ் முயற்சியில் சிடாக்குடன் இணைந்த ஏயு-கேபிசி ஆய்வு மையம், பெருங்களத்தூரிலிருந்து மூன்றாவது ரயில் நிலையமான குரோம்பேட்டையில், எம்ஐடி வளாகத்தில் உள்ளது.

முதல் பதிப்பு 2007இல் வந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆனால் அதே கணினியில் விண்டோஸும் இருந்தது. பழுதுபார்ப்பவரும் நண்பர்களும் அறிந்தது விண்டோஸைத்தான். சொல்லித்தர ஆளில்லாத ஒன்றை மாணவர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? அலுவலகச் செயலி, உலாவி, தமிழ் இடைமுகம் எல்லாம் உரிமக் கட்டணமின்றிக் கிடைத்தும், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு அந்த எழுத்துரு இல்லாமல் குழம்பித்தான் தெரிந்தது (இது பாஸின் குற்றமல்ல; வாங்கிக்கட்டிக்கொண்டது மட்டும் பாஸ்).

எ-கலப்பையும் கட்டற்ற மென்பொருள்தான். அது இயங்குதளத்தை மாற்றச் சொல்லவில்லை. இருக்கும் விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் முறைகளில் எழுத வைத்தது. வீட்டுப் பயனருக்கு உடனே தேவைப்பட்டது அதுவே. பாஸோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றக் கேட்டது. எனினும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றபின், மூலையில் கிடக்கும் அந்த மடிக்கணினிகளில் எளிய பணிச்சூழலோடு இதை நிறுவிப் பார்க்கலாம்.