ஒருவர் பலராகும் அரங்கு

அரங்கிசை பலர் கூடி ஆக்கும் கலை என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். இக்கருத்தினை மீண்டும் ஆராயத் தூண்டுவது, இலண்டனைச் சேர்ந்த பாடகரும் பியானோக் கலைஞருமாகிய ஜேக்கப் காலியரின் தனியரங்கு. 1994இல் பிறந்த அவர், 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ ஜாஸ் விழாவில் தம் தனியரங்கினை நிகழ்த்தினார். அவ்வரங்கின் பதிவுகளைக் கண்டும் கேட்டும் நாம் தெளிந்தவற்றை ஈண்டு உரைப்போம்.

லூப்பிங் எனப்படும் முறையைச் சுழல்பதிவு எனலாம். கலைஞர் சிறிதளவு வாசித்ததும் கருவி அதனைப் பதிந்து, நிறுத்தும்வரை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும். அதன்மேல் வேறொன்றை வாசித்தால் அதுவும் உடன் சுழலும். காலியர் பல இசைக்கருவிகளை வட்டமாக அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு விரைந்து சென்று, ஓரிசைக் குழுவைத் தாம் ஒருவராகவே கட்டி எழுப்பினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தைச் சார்ந்த பென் புளூம்பெர்க் இவ்வமைப்பினை உருவாக்கத் துணைநின்றார்.

இதனை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் சிலப்பதிகாரத்தில் உண்டு. அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழித் தண்ணுமையும், அதன்பின் முழவும் நின்றமையை இளங்கோவடிகள் கூறுவர். ஒன்றன்மேல் ஒன்றாக இசை அடுக்கப்பெறுதல் இரண்டிடத்தும் ஒக்கும். ஆயினும் வேறுபாடு ஒன்று உளது. குழலோன் யாழைக் கேட்டுத் தன் இசையை நெகிழ்த்தவும் இறுக்கவும் வல்லன். சுழல்பதிவில் முதலில் பதிந்த இசைக்கோ செவி இல்லை. பின் வருவது எத்துணை உணர்ச்சியோடு வரினும் அது தன் நடையை மாற்றாது. கலைஞர் சற்று முன்னிருந்த தமக்கே அடங்கி நடக்க வேண்டியவராகின்றார்.

சுருதியும் மாறாது ஒலிப்பதன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே, ஆயின் சுருதி நிலைக்களன், துணைவன் அன்று. சுழல்பதிவு நிலைக்களனாக நிற்குமிடத்துக் காலியரின் இசை சிறக்கின்றது. துணைவனாக நடிக்குமிடத்து வியப்பு மிகுந்து உணர்ச்சி குறைகின்றது.

அவர் கையாளும் ஹார்மனைசர் என்னும் கருவி இதற்கு மாறானது. அவர் ஒரு சுரத்தைப் பாடிக்கொண்டே விசைப்பலகையில் பல சுரங்களை அழுத்த, அவர் குரலே பல குரலாகப் பிரிந்து ஒலிக்கும். இக்குரல்கள் பழையன அல்ல. அவர் மூச்சு நின்றால் அவையும் நிற்கும். ஆகலின் இதனையே உயிருள்ள துணை எனக் கொள்கின்றோம்.

இனி, ஒளியமைப்பினை நோக்குவோம். தூணின் நிழல் ஆடரங்கில் விழாதவாறு விளக்கு நிறுத்துதல் அரங்கேற்று காதை கூறும் நெறி. காலியரின் அரங்கோ நிழலுருக்களை வேண்டியே அழைத்தது. முப்பரிமாணப் படக்கருவிகள் அவர் உருவைப் பதிய, திரையில் அவ்வுருக்கள் இசையோடு இசைந்து சுழன்றன. இது வெற்றுக் கவர்ச்சி என ஒதுக்கற்பாலதன்று. என்னை? எவ்வொலி இப்பொழுது பிறப்பது, எது முன்னர்ப் பிறந்தது என்பதனைக் கண்ணுக்கு உணர்த்தும் நேர்மை அதன்கண் உண்டு. ஆயினும் உருக்கள் பெருகப் பெருக, எண்ணும் கண் கேட்கும் செவியை வென்றுவிடுதலும் உண்மை. அதுவே இவ்வரங்கின் குறை.

பின்னர் நிகழ்ந்தவை நம் முடிபிற்கு அரண் செய்கின்றன. 2019இல் காலியர் இசைக்குழுவினருடன் உலகை வலம் வந்தார். அவையோரையே குரற்பகுதிகளாகப் பிரித்துக் கையசைவால் பாடச் செய்தலையும் வழக்கமாக்கிக்கொண்டார். 2024இல் வெளிவந்த ‘ஜெஸ்ஸி’ நான்காம் தொகுதியில் அவையோரின் குரல்கள் இடம்பெற்றுள்ளன. ஒருவர் பலராகலாம் என்பதனைக் கருவி காட்டிற்று. பலராகிய பின்னும் தம்மைக் கேட்கும் பிறரையே கலைஞர் நாடுவர் என்பதனை அவர்தம் வளர்ச்சி காட்டுகின்றது. கேட்டலே இசையின் பாதி என்பது இதனாற் பெறப்படும்.