கோலார் தங்கவயலில் தமிழாசிரியர் உருவாக்கம்: பல்கலைக்கழக – கல்லூரிக் கூட்டுறவு குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

இந்திய ஆசிரியர் கல்வியின் தலையாய குறை அதன் தனிமையே என்பது கோத்தாரி கல்விக்குழுவின் (1964–66) முடிபாகும். பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுவாழ்விலிருந்தும் பள்ளிகளின் அன்றாடச் சிக்கல்களிலிருந்தும் ஒருங்கே விலகி நிற்கின்றன என்று அக்குழு சுட்டியது. இக்குறையை நீக்கப் பல்கலைக்கழகமும் வட்டாரக் கல்லூரியும் இணைந்து இளங்கலை நிலையிலேயே ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. இக்கூட்டுறவு, ஆட்சிமொழி ஒன்றாகவும் வகுப்பறைமொழி வேறொன்றாகவும் உள்ள ஊரில் எத்துணை பயன்தரும் என்பதைக் கோலார் தங்கவயலை எடுத்துக்காட்டாகக் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தங்கவயலின் மொழிச்சூழல்

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் சுரங்கப்பணியை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக இங்குக் குடியேறினர். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம், ஆண்டர்சன்பேட்டை ஆகிய பகுதிகளில் தமிழே வீட்டுமொழியாகவும் தெருமொழியாகவும் வேரூன்றியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஊரின் பொருளாதார அடித்தளம் தகர்ந்தது. வேலைதேடி நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று திரும்புவது பல குடும்பங்களின் வாழ்க்கைமுறையாயிற்று.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என அரசியலமைப்பின் 350-அ உறுப்பு (1956) கூறுகிறது. ஆனால் வசதி என்பது கட்டடமும் பாடநூலும் மட்டுமன்று. அம்மொழியில் கற்பிக்கப் பயின்ற ஆசிரியரே அதன் உயிர்நாடி. ஆசிரியர் இல்லாவிடின் மாணவர் விலகுவர். மாணவர் விலகின் ஆசிரியர் பணியிடம் நீங்கும். பணியிடம் நீங்கின் அத்துறையில் பயில எவரும் முன்வாரார். இச்சுழலை உடைக்கும் இடம் ஆசிரியர் கல்வியே.

3. கூட்டுறவு மாதிரிகள்

இந்தியாவில் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வியைக் குருக்ஷேத்திரத்தில் 1960இல் தொடங்கிய கல்லூரி முன்னெடுத்தது. 1963இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு மைசூர், அஜ்மீர், போபால், புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகளை நிறுவியது. பாட அறிவையும் கற்பித்தல் அறிவையும் ஒரே படிப்பில் இணைத்தமை மைசூர் மாதிரியின் சிறப்பாகும். எனினும் மாணவர் அங்குச் சென்று தங்கியே பயிலவேண்டும். சுரங்கத்தொழில் இழந்த குடும்பத்தின் பிள்ளைக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, நான்காண்டு வெளியூர் வாழ்வு எளிதன்று.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி முறை இத்தடையை வேறுவழியில் அணுகுகிறது. 1901இல் ஜாலியட்டில் தொடங்கிய இம்முறையில் மாணவர் முதலிரண்டு ஆண்டுகளை உள்ளூரில் குறைந்த செலவில் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறலாம். ஆயினும் கல்லூரியில் பெற்ற மதிப்பளவைப் பல்கலைக்கழகம் முழுமையாக ஏற்காதபோது மாணவரே காலத்தையும் பணத்தையும் இழக்கிறார். எனவே கூட்டுறவின் வலிமை பாடத்திட்டத்தை இரு நிறுவனங்களும் ஒருங்கிருந்து வகுப்பதில்தான் உள்ளது எனலாம்.

4. மொழிப்பயிற்சியில் இடைவெளி

மேற்கூறிய மாதிரிகள் அனைத்தும் வகுப்பறைமொழியை ஒரு சிக்கலாகக் கருதவில்லை. தங்கவயலிலோ அதுவே முதற்சிக்கல். தமிழ்க்குழந்தை வந்துட்டான், வீட்டுல என்னும் பேச்சு வழக்கோடு பள்ளிக்கு வருகிறது. வந்துவிட்டான், வீட்டில் என்னும் எழுத்து வழக்கைக் கற்க வேண்டியுள்ளது. உடன் கன்னடமும் ஆங்கிலமும் சேர்கின்றன.

வரிவடிவ வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. பல், பயம் என்னும் இரு சொற்களின் முதலொலி வேறாயினும் தமிழில் எழுத்து ஒன்றே. கன்னடத்தில் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. இரண்டு நெடுங்கணக்குகளையும் அடுத்தடுத்துப் பயிலும் குழந்தைக்கு இது குழப்பம் தரவல்லது. இதனை அறியாத ஆசிரியர் அக்குழப்பத்தைக் கவனக்குறைவு எனத் தண்டிப்பர். அறிந்தவர் எழுத்தமைப்பின் இயல்பை விளக்குவர்.

இரு மொழிகளின் உறவு தடையாக மட்டுமன்றித் துணையாகவும் அமையும். பழங்கன்னடத்தின் சொன்முதல் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. ஆகவே பால் – ஹாலு, புலி – ஹுலி, பத்து – ஹத்து என நிரலாக இணைகள் கிடைக்கின்றன. தமிழின் சொன்முதல் வகரத்திற்கு நேராக வேர் – பேரு, வா – பா எனக் கன்னடத்தில் பகரவொலி நிற்கிறது. இவ்வொப்புமையை அறிந்த ஆசிரியர் தமிழைக் கொண்டே கன்னடத்தையும் எளிதாக்க இயலும். தாய்மொழியில் ஊன்றுவது மாநிலமொழியைக் கற்கத் தடை என்ற எண்ணத்திற்கு இதுவே தக்க மறுமொழி.

மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் (1969) தன் தென்மண்டல மொழி மையத்தின்வழி ஆசிரியர்களுக்குத் தமிழ், கன்னடம் முதலியவற்றைக் கற்பித்து வந்துள்ளது. அப்பயிற்சி பிறமொழியாளருக்கு ஒரு மொழியைப் புதிதாகக் கற்பிப்பது. வேற்றுமொழி மாநிலத்தில் தாய்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரின் தேவை இதனின் வேறாகும்.

5. மதிப்பீடு

தேசியக் கல்விக் கொள்கை (2020) நான்காண்டு ஒருங்கிணைந்த கல்வியியல் பட்டத்தை 2030க்குள் ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியாக்க முனைகிறது. பலதுறை நிறுவனங்களிலேயே அது நடைபெற வேண்டும் என்கிறது. தனிமையை நீக்கும் இந்நோக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் பலதுறை என்ற தகுதியை எட்ட இயலாத சிற்றூர்க் கல்லூரிகள் இதனால் விலக்கப்படும் இடருண்டு. மேலும் கர்நாடகம் 2024இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பிற்குத் திரும்பியது. பட்டத்திற்குப்பின் ஈராண்டுக் கல்வியியல் படிப்பைச் சேர்த்தால் மாணவர் ஐந்தாண்டு பயிலவேண்டும்.

2017இல் கோலாரை அடுத்த தமகாவைத் தலைமையிடமாகக் கொண்டு பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது கூட்டுறவுக்கு வாய்ப்பளிக்கிறது. எனினும் அருகிருத்தல் மட்டுமே கூட்டுறவாகாது. தங்கவயலின் கல்லூரி மாணவரையும் வட்டாரப் பள்ளிகளையும் அறியும். பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும். மைசூர் நிறுவனங்கள் மொழியியலும் கல்வியியலும் அளிக்கும். தமிழ் – கன்னட ஒப்பீட்டிலக்கணம், இரட்டை வழக்குக் கற்பித்தல், வட்டாரப் பள்ளியில் நெடிய பயிற்சி ஆகிய மூன்றும் பட்டத்தின் உறுப்புகளாக வேண்டும். விருப்பப்பாடமாக நிற்பின் அவை முதலில் கைவிடப்படும்.

6. முடிவுரை

பல்கலைக்கழக – கல்லூரிக் கூட்டுறவு மாணவரின் செலவையும் தொலைவையும் குறைக்கவல்லது. ஆனால் வகுப்பறையின் மொழியைக் கணக்கில் கொள்ளாத கூட்டுறவு தங்கவயலுக்குப் பட்டதாரிகளைத் தருமேயன்றித் தமிழாசிரியரைத் தராது. சுரங்கம் மூடப்பட்டபின் அவ்வூர் மக்களிடம் எஞ்சியுள்ள பொதுவுடைமை மொழியே. அதனைக் கற்பிக்கும் ஆசிரியரை அவ்வூரிலிருந்தே உருவாக்க இயலுமா என்பதே இத்தகைய கூட்டுறவை அளக்கும் அளவுகோலாகும்.