நஜீபின் பொய்க் கடிதங்கள்

பென்யாமினின் மலையாள நாவல் 'ஆடு ஜீவிதம்' 2008இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் பாலைவனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆட்டு மந்தையைப் பற்றிப் பேசுகிறார்கள். 2024இல் பிளெஸ்ஸி அதைப் படமாக்கியபோது கதாநாயகன் பிருதிவிராஜ் எவ்வளவு இளைத்தார் என்பதே பேச்சாயிற்று. கண்ணுக்குத் தெரிகிற துன்பம் நமக்கு வசதியானது. இரங்கிவிட்டு எழுந்து போய்விடலாம். நாவலின் மையம் வேறோரிடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நஜீப் ஆற்றில் முங்கி மணல் அள்ளுகிறவன். கடன் தீர வேண்டும், வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்று ரியாத் போகிறான். விமான நிலையத்தில் எதிர்ப்பட்ட அரபியை முதலாளி என்று நம்பி வண்டி ஏறுகிறான். மூன்றாண்டுகளுக்கு மேல் ஆட்டுப் பட்டியில் கிடக்கிறான். சம்பளம் கிடையாது, கால் கழுவத் தண்ணீர் கிடையாது. தபாலும் கிடையாது. அங்கிருந்து மனைவி சைனுவுக்கு மனத்துக்குள் கடிதம் எழுதுகிறான், தான் சௌக்கியமாக இருப்பதாக.

போய்ச் சேராத கடிதத்தில் பொய் எதற்கு? அவளைத் தேற்ற அது உதவாது. வெளிநாடு போனவன் எழுத வேண்டிய கடிதத்தின் வாசகம் அவன் போகுமுன்பே தயாராக இருக்கிறது என்பதுதான் காரணம். அதை நம்பித்தான் அடுத்தவன் விசாவுக்குக் கடன் வாங்குகிறான். பென்யாமின் இதை விளக்காமல் விட்டது நல்ல கலை.

போனதில் நன்மையே இல்லை என்று சொல்வது எழுத்தாளனின் சோம்பல். 2023இல் எடுத்த கேரளப் புலம்பெயர்வுக் கணக்கின்படி வெளிநாட்டிலிருந்த மலையாளிகள் சுமார் 22 லட்சம். அவ்வாண்டு வந்த பணம் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் எழுந்த வீடும், பிள்ளைகள் படித்த படிப்பும், ஆஸ்பத்திரிச் செலவும் பொய்யல்ல. ஆனால் அவை ஊர் பார்க்க நிற்கின்றன. தகப்பனைப் போட்டோவில் அறிந்த குழந்தையும், போய்ச் சேர முடியாத சாவும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. சாதகம் பாதகம் என்று இரண்டு பத்தி போட்டுக் கூட்டிக் கழிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நாவலின் பலவீனம் முடிவில் இருக்கிறது. சிறைக்கு வரும் அர்பாப், நஜீபை அடையாளம் கண்டும் விட்டுவிட்டுப் போகிறான். அவன் தன் விசாவில் வந்தவனல்ல என்பதால். இருந்திருந்தால் இழுத்துப் போயிருப்பானாம். கடத்தியவன் கைவிட்டதால் நஜீப் தப்புகிறான். உரிமையுள்ள முதலாளி சட்டப்படியே கொண்டுபோயிருக்கலாம். 2021இல் சவூதி அரசு வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியபோது ஆடு மேய்ப்பவர்களை அதில் சேர்க்கவில்லை. இந்தப் பயங்கரத்தைத் தொட்ட நாவல் அங்கே நிற்கவில்லை. இறைவன் சித்தம் என்ற ஆறுதலில் இறங்கிவிடுகிறது. நஜீபுக்கு அந்த ஆறுதல் தேவைதான், நாவலுக்கும் தேவையா?

மாதச் சம்பளம் ஒழுங்காக வாங்கி, இரண்டு வருஷத்துக்கொரு முறை பெட்டியோடு வந்து போகிறவனின் கதை இன்னும் கடினமானது. அவனைக் கடத்தியவர் யாருமில்லை. இளைக்கக்கூட இல்லை. சௌக்கியம் என்று அவன் எழுதுவது பாதி உண்மை. அந்தப் பாதியை எழுத நமக்கு இன்னும் பாஷை கூடவில்லை.